சீரியலில் யார் சாகிறார்கள், யார் கருப்பு

தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களில் ஒரு பாத்திரம் கதைக்காக மட்டுமே சாவது அபூர்வம். நடிகருடைய கால்ஷீட், சம்பளப் பேச்சு, எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று வாராவாரம் வரும் டிஆர்பி கணக்கு, சில நேரம் நடிகருடைய சொந்த மரணம் என்று பல காரணங்கள் சேர்ந்துதான் யாருடைய படத்துக்கு மாலை விழும் என்பதைத் தீர்மானிக்கின்றன. அதே தொடர்களில் ஒருத்தி கருப்பாக இருப்பதற்கும் பிறப்பு மட்டும் காரணமில்லை. பல சமயம் மேக்கப் பெட்டிதான் காரணம். சாவு, நிறம் இரண்டைப் பற்றியும் பார்வையாளர்களுக்கு அழுத்தமான கருத்து உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விநோதம் தெரியும். சீரியலில் செத்தவர் திரும்பி வரலாம், நடிகர் மாறி வேறு முகம் வரலாம். பாத்திரத்தின் நிறத்தில் மட்டும் யாரும் கைவைப்பதில்லை.

தூர்தர்ஷன் காலத்தில் தொடர் என்றால் வாரத்துக்கு ஒரு நாள், பதின்மூன்று வாரம், மிஞ்சினால் இன்னும் சில வாரம். முடிவு என்ன என்று எழுதுகிறவருக்கு முன்பே தெரியும். கே. பாலசந்தரின் 'கையளவு மனசு' தொடரில், சாகப்போகும் ஒரு தாய் தன் பிள்ளைகளை ஒவ்வொரு வீடாகத் தத்துக் கொடுப்பதுதான் கதை. அங்கே சாவு அச்சாணி. அதைப் பிடுங்கினால் கதையே ஓடாது. 1999-ல் சன் டிவியில் ராதிகாவின் 'சித்தி' தொடங்கி, தினசரி மெகா சீரியல் தமிழ் வீடுகளின் மாலை நேரத்தைப் பிடித்த பிறகு நிலைமை மாறியது. திருச்செல்வம் இயக்கிய 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை 1,500 எபிசோடுகளைத் தாண்டி ஓடியது. முடிவு எப்போது என்று தெரியாமல் எழுதப்படும் கதையில், சாவைக் கடைசி வரை சேமித்து வைக்க முடியாது. நடுநடுவே செலவழித்தாக வேண்டும்.

ஒரு நாளைக்குச் சுமார் 20 நிமிடக் காட்சி, வாரத்துக்கு ஐந்தோ ஆறோ எபிசோடு. எந்தத் தொடரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற பார்க் அமைப்பின் கணக்கு வியாழக்கிழமை தோறும் வெளியாகிறது. எண்ணிக்கை சரிந்தால் ட்ராக்கை மாற்றச் சொல்வார்கள். எதிர்பாராத கல்யாணம், விபத்து, சாவு ஆகிய மூன்றும்தான் அவசரத்துக்குக் கைகொடுப்பவை. இதில் சாவு சிக்கனமானதும்கூட. எல்லாப் பாத்திரங்களும் ஒரே வீட்டில், ஒரே உடையில், பல நாள் இருப்பதற்கு நியாயம் கிடைக்கிறது. ஊரில் இருப்பவர், சண்டை போட்டுப் பிரிந்தவர், வில்லி என யார் வந்தாலும் கேள்வி கேட்க முடியாது. யார் கொள்ளி வைப்பது என்ற தகராறில் இரண்டு எபிசோடு, காரியத்துக்கு ஓர் எபிசோடு, உயில் வாசிக்க ஓர் எபிசோடு என்று ஒரு சாவு இரண்டு வாரத்தைத் தாங்கும்.

விஜய் டிவியின் 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தொடரில் 2021-ல் தாய் லட்சுமி அம்மாள் இறந்தபோது அந்த இழவு வீடு பல நாள் நீண்டது. வீட்டை விட்டுப் போய்க் கல்யாணம் செய்துகொண்ட கடைசி மகன் கண்ணன் தாயின் முகத்தைப் பார்ப்பானா என்பதைச் சுற்றியே காட்சிகள் நகர்ந்தன. இழுக்கிறார்கள் என்று கேலி செய்தவர்களும் பார்த்தார்கள். தங்கள் வீட்டில் நடந்த இழவை நினைத்து அழுதவர்களும் பார்த்தார்கள். 'பாக்கியலட்சுமி' தொடரில் 2024-ல் மாமனார் ராமமூர்த்தி இறந்தபோது, மகன் கோபி இருக்க, மருமகள் பாக்கியா இறுதிச் சடங்கைச் செய்தாள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகக்கூடாது என்ற வழக்கம் இன்னும் பல ஊர்களில் உயிரோடு இருக்கும்போது, சீரியலில் ஒரு மருமகள் கொள்ளி வைப்பது சாதாரணக் காட்சி இல்லை. டிஆர்பிக்காக வைத்த சாவுதானே என்று இதை ஒதுக்குவது எளிது. நோக்கம் எதுவாக இருந்தாலும் காட்சி வீட்டுக்குள் வந்துவிட்டது. அதைப் பற்றிய பேச்சும் வந்தது.

சாவுக் காட்சியில் நடிப்பதற்கென்று படப்பிடிப்புத் தளத்தில் சில வழக்கங்கள் உண்டு. பிணமாகப் படுத்து நடித்தவர் எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்; அதையும் ஒரு ஷாட் எடுப்பார்கள். பூசணிக்காய் சுற்றி உடைப்பதும் உண்டு. நடித்த சாவு நிஜத்தைத் தொட்டுவிடக்கூடாது என்ற பயம் அது.

நிஜச் சாவு தொடரைத் தொட்டபோது என்ன நடந்தது என்பதற்கு இரண்டு உதாரணங்கள் பெரியவை. முதலாவது செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் நடந்தது. ஏரிக்கு ஒருபுறம் குன்றத்தூர். மறுபுறம், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி, ஈவிபி ஃபிலிம் சிட்டி. சென்னைப் புறநகரின் இந்த மேற்குப் பக்கம் சின்னத்திரைக்குப் பழகிய இடம். பிக் பாஸ் வீடும் இங்கேதான் போடப்பட்டது. 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தொடரில் முல்லையாக நடித்த சித்ரா, இங்கே படப்பிடிப்பை முடித்துவிட்டுப் பக்கத்து நசரத்பேட்டையில் தங்கியிருந்தபோது 2020 டிசம்பர் 9 அன்று இறந்தார். முல்லை பாத்திரத்தைத் தொடர் சாகடிக்கவில்லை. காவ்யா அறிவுமணி முல்லையாக வந்தார்; அவர் விலகிய பிறகு 2022-ல் லாவண்யா வந்தார். மூன்று முகம், ஒரே முல்லை.

இரண்டாவது உதாரணம் 'எதிர்நீச்சல்'. அதில் ஆதி குணசேகரனாக நடித்த இயக்குநர் மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று, அந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது உடல்நிலை பாதித்து மாரடைப்பால் இறந்தார். வீட்டுப் பெண்களை அடக்கி ஆளும் வில்லன் அவர். ஆனால் அவருடைய அதட்டலைக் கேட்கவே தொடரைப் பார்த்தவர்கள் ஏராளம். இங்கே தொடர் வேறு வழியை எடுத்தது. குணசேகரன் வீட்டை விட்டுப் போய்விட்டதாகச் சில வாரம் கதை நகர்ந்தது. பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி குணசேகரனாகத் திரும்பி வந்தார். இடைவெளி விட்டது நல்ல முடிவு. பார்வையாளருக்குத் துக்கம் கொண்டாட நேரம் கிடைத்தது; புதியவருக்கும் பழையவரின் குரலைப் போலி செய்ய வேண்டிய கட்டாயம் குறைந்தது. மாரிமுத்து மாதிரி இல்லை என்ற குறை கடைசி வரை ஓயவில்லை. ஆனாலும் குணசேகரனைக் கொன்றிருக்கலாம் என்று சொன்னவர்கள் குறைவு. 'இவருக்குப் பதில் இவர்' என்ற எழுத்து திரையில் வந்தால் முகம் சுளித்துவிட்டு ஏற்றுக்கொள்ளும் பழக்கம் தமிழ்ப் பார்வையாளருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாக உண்டு.

சாவு அப்படி எளிதாக ஏற்கப்படுவதில்லை. ஸ்டார் பிளஸில் 2000 ஜூலையில் தொடங்கிய 'க்யூங்கி சாஸ் பீ கபீ பஹூ தீ' இந்தித் தொடரில் மிஹிர் இறந்ததும் எழுந்த எதிர்ப்பில், தயாரிப்பாளர்கள் அவனை உயிரோடு கொண்டுவந்தார்கள். அந்த மிஹிர் 2025-ல் தொடங்கிய புதிய பாகத்திலும் இருக்கிறான். தெலுங்கில் ஸ்டார் மா தொலைக்காட்சியின் 'கார்த்திக தீபம்' 2022 மார்ச்சில் நாயகன் கார்த்திக்கையும் நாயகி தீபாவையும் கார் விபத்தில் கொன்றுவிட்டு, மகள்கள் வளர்ந்த கதைக்குத் தாவியது. பார்வை சரிந்தது. சில மாதங்களிலேயே இருவரும் உயிரோடு திரும்பினார்கள். எமனிடம் வாதாடிக் கணவனை மீட்ட சாவித்திரிக்கு இருந்த சிரமத்தில் பாதிகூட டிஆர்பிக்கு இல்லை.

இந்தத் தீபாதான் நிறத்தின் கதைக்கும் வாசல். 'கார்த்திக தீபம்' தொடருக்கு மூலம், 2014-ல் ஏசியாநெட் ஒளிபரப்பிய 'கருத்தமுத்து' என்ற மலையாளத் தொடர். கருப்பாக இருப்பதால் இகழப்படும் பெண், அவளை மணக்கும் டாக்டர், அவர்களைப் பிரிக்கும் தோழி என்பது கதை. கேரளத்திலிருந்து அது தெலுங்கு, கன்னடம், தமிழ், மராத்தி, இந்தி, வங்காளம் என்று பரவியது. கருப்பு நிறத்துக்காகப் பெண் படும் பாடு மாநில எல்லை இல்லாமல் விலைபோகும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. மலையாளத்திலும் தெலுங்கிலும் நாயகியாக நடித்த பிரேமி விஸ்வநாத் அவ்வளவு கருப்பானவர் அல்ல. மேக்கப் அவரைக் கருப்பாக்கியது.

தமிழில் அது 'பாரதி கண்ணம்மா'. பிரவீன் பென்னட் இயக்கத்தில் 2019 பிப்ரவரியில் விஜய் டிவியில் தொடங்கியது. கண்ணம்மாவாக ரோஷினி ஹரிப்ரியன், பாரதியாக அருண் பிரசாத், வில்லி வெண்பாவாக ஃபரினா. மாமியார் சௌந்தர்யாவுக்குக் கருப்பு என்றாலே ஆகாது. கர்ப்பிணி கண்ணம்மா தோளில் பையோடு வீட்டை விட்டு வெளியேறி, நாள் கணக்கில் ரோட்டில் நடந்துகொண்டே இருந்த காட்சிகள் 2020 இறுதியில் மீம்களாகக் குவிந்தன. சீரியலே பார்க்காதவர்களுக்கும் கண்ணம்மா தெரிந்தது அப்போதுதான்.

ரோஷினி மாநிறத்தவர். அந்த மாநிறம் கதைக்குப் போதவில்லை என்று முடிவாகி, அவருடைய இயல்பான நிறத்தைவிடக் கருப்பாகவே கண்ணம்மா திரையில் வந்தாள். 2021 இறுதியில் அவர் விலகியபோது வினுஷா தேவி வந்தார். 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முல்லைக்கு ஆள் தேடியபோது முகச் சாயல் முக்கியமாக இருக்கவில்லை. கண்ணம்மாவுக்குத் தேடியபோது முகமும் நிறமும் இரண்டுமே பொருந்தியாக வேண்டியிருந்தது. வந்தவருக்கும் அதே மேக்கப். முல்லை ஒரு சுபாவம், யார் வந்தாலும் நடிக்கலாம். கண்ணம்மா ஒரு நிறம். அது போனால் அவளுடைய கதையில் பாதி போய்விடும்.

இதைப் பற்றிப் பார்வையாளர் கருத்து இரண்டாகப் பிரிகிறது. கருப்பான பெண்ணை நாயகியாக்கி, அவளை வெறுக்கும் மாமியாரைத் தலைகுனிய வைத்த தொடர் என்று ஒரு சாரார் பாராட்டுகிறார்கள். கருப்பை அழகு என்று சொல்ல வந்த தொடருக்கு இயல்பாகவே கருப்பான ஒருவர் கிடைக்கவில்லையா என்று மறு சாரார் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சன் டிவியில் 2021 பிப்ரவரியில் வந்தது. 'சுந்தரி' தொடரில் கிராமத்துப் பெண் சுந்தரியாக நடித்த கேப்ரியெல்லா செல்லஸின் நிறம் அவருடைய சொந்த நிறம். அவருடைய திரை வாழ்க்கையிலேயே இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2019-ல் வெளியான 'ஐரா' படத்தில் நயன்தாரா கருப்பு மேக்கப்பில் பவானி என்ற வேடத்தைச் செய்தார். அந்தப் பவானியின் சிறுவயது வேடத்தில் நடித்தவர் கேப்ரியெல்லா. சிறுமி பவானிக்கு நிஜக் கருப்பு போதும், வளர்ந்த பவானிக்கு நட்சத்திரமும் சாயமும் வேண்டும் என்பது சினிமாவின் கணக்கு. சின்னத்திரை அந்தக் கணக்கை மாற்றி எழுதியது. நிறத்துக்காக மனைவியை மறைத்துவிட்டு இன்னொருத்தியை மணக்கும் கணவனை உதறி, படித்துக் கலெக்டராகிறாள் சுந்தரி. தொடர் ஓடியது, பிற தென்னிந்திய மொழிகளுக்கும் போனது. ஆக, கருப்பான நடிகை வந்தால் மக்கள் பார்க்கமாட்டார்கள் என்ற சாக்கு இனி செல்லாது.

செல்லாவிட்டாலும் சாக்கு தொடர்கிறது. தமிழின் பெரிய தொடர்களின் நாயகிகளில் பலர் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திர, தெலங்கானா பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள். டப்பிங் கலைஞர்கள் அவர்களுக்குக் குரல் கொடுக்கிறார்கள். 'ரோஜா'வின் பிரியங்கா நல்காரி, 'கயல்' சைத்ரா ரெட்டி, 'பாக்கியலட்சுமி'யின் சுசித்ரா, 'எதிர்நீச்சல்' மதுமிதா என்று பட்டியல் நீளும். அவர்கள் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்க வேண்டியது தேர்வு செய்பவர்களை. குன்றத்தூரிலும் பம்மலிலும் அனகாபுத்தூரிலும் சாயங்காலம் டிவி முன் உட்காரும் வீடுகளில் இருக்கும் நிறம், அந்தத் திரையில் பெரும்பாலும் வேலைக்காரிக்கும் அடியாளுக்கும் காமெடியனுக்கும்தான் ஒதுக்கப்படுகிறது. சாதியின் பெயரைச் சீரியல் சொல்லாது. சொன்னால் வழக்கு வரும். சொல்லாமல் உணர்த்த நிறமும் வீட்டின் அளவும் பேச்சு வழக்கும் போதுமானவையாக இருக்கின்றன. கருப்பு ஏழ்மைக்கு அடையாளம், சிவப்பு வசதிக்கு அடையாளம் என்ற பொய்க் கணக்கை ஒவ்வொரு மாலையும் படிக்கிற பிள்ளைக்கு அதை மறுத்துச் சொல்ல வேறு ஆசிரியர் தேவைப்படும்.

சாவும் நிறமும் ஒரே பாத்திரத்தில் சந்தித்த இடம் 'தி ஃபேமிலி மேன்' இந்தித் தொடரின் இரண்டாம் பாகம். 2021 ஜூன் 4 அன்று அமேசான் பிரைமில் வெளியான அதன் கதைக்களம் பெரிதும் சென்னை. ராஜி என்ற ஈழத்துப் போராளியாக சமந்தா நடித்தார். பல்லாவரத்தில் வளர்ந்தவர் அவர். ஒரு தமிழ்ப் பெண்ணாகத் தெரிய, பல்லாவரத்துப் பெண்ணுக்கே கருப்புச் சாயம் பூச வேண்டியிருந்தது. முன்னோட்டம் வந்ததுமே எதிர்ப்பு கிளம்பியது. தமிழ்நாட்டின் தகவல் தொழில்நுட்ப அமைச்சர் மனோ தங்கராஜ், தொடரைத் தடுக்கக் கோரி மத்திய அமைச்சர் பிரகாஷ் ஜவடேகருக்குக் கடிதம் எழுதினார். அந்த எதிர்ப்பின் மையம் ஈழத் தமிழரைப் பயங்கரவாதிகளாகக் காட்டுவது. சாயத்தைப் பற்றிய கேள்வி கூடவே எழுந்தது.

தொடர் வெளியான பிறகு கருத்துகள் சற்று மாறின. மில்லில் வேலை பார்க்கும் ராஜி, தொல்லை கொடுக்கும் மேலாளரைக் கொல்லும் இடம் வரை அவள் பக்கமே நிற்கிறது கதை. சமந்தாவின் நடிப்பை எதிர்த்தவர்களில் சிலரும் மெச்சினார்கள். தேவதர்ஷினியின் உமையாள், ரவீந்திர விஜய்யின் முத்துப்பாண்டியன் போன்ற தமிழ் அதிகாரிகள், சென்னைத் தமிழை அப்படியே பேசிக்கொண்டு, தங்கள் சொந்த நிறத்திலேயே வந்தார்கள்; இந்தித் தொடரில் அது புதிது. அந்த ஒப்பீடுதான் ராஜியின் சாயத்தை உறுத்தவும் வைக்கிறது. அரசாங்கத்தின் பக்கம் நிற்கும் தமிழச்சிக்குச் சாயம் தேவைப்படவில்லை. குண்டோடு விமானத்தில் பறந்து வெடித்துச் சாகப்போகிறவளுக்குத் தேவைப்பட்டது. தொடரில் நாயகனின் சகா மிலிந்தும் சாகிறான். அவன் சாவுக்குத் துக்கம் கொண்டாட ஆள் இருக்கிறது. ராஜியின் சாவு ஆபத்து நீங்கியதன் அறிகுறி. திரையில் யாருக்கு இழவு கொண்டாடப்படுகிறது என்பதைக் கவனித்தால் அந்தக் கதை யாரைத் தன்னவராக நினைக்கிறது என்று தெரிந்துவிடும்.

அமெரிக்கப் பார்வையாளர்கள் இதே கேள்வியை வெகுகாலமாகக் கேட்டுவருகிறார்கள். கருப்பினப் பாத்திரம்தான் முதலில் சாகும் என்பது அங்கே பழைய கசப்பான நகைச்சுவை. 'ஸ்லீப்பி ஹாலோ' தொடரில் நிக்கோல் பெஹாரி நடித்த அப்பி மில்ஸ், கதையின் இரு தூண்களில் ஒருத்தி. 2016-ல் அவளைக் கொன்றபோது, வெள்ளை நாயகனின் பயணத்துக்குக் கருப்பினப் பெண்ணைப் படிக்கட்டாக்கிவிட்டார்கள் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டே தொடர் முடிந்தது. சிங்கப்பூரில் சாயம்தான் பிரச்சினை. 2016-ல் மீடியாகார்ப் தொடர் ஒன்றில் சீன நடிகர் ஆப்பிரிக்கராக வர முகத்தில் கருப்பு பூசியதும், 2019-ல் ஒரு விளம்பரத்தில் சீன நடிகர் தோலைக் கருக்கிக்கொண்டு கே. முத்துசாமி என்ற பெயர் அட்டையோடு வந்ததும் பெரும் சர்ச்சையாயின. இரண்டாவதைக் கேலி செய்து பாட்டு வெளியிட்ட இந்திய வம்சாவளி அண்ணன் தங்கையைத்தான் அங்கே காவல்துறை எச்சரித்தது.

புலம்பெயர்ந்த தமிழருக்கு இதற்கு மாறான உதாரணமும் கிடைத்தது. நெட்ஃபிளிக்ஸில் 2020-ல் தொடங்கிய 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரின் நாயகி தேவி, கலிஃபோர்னியாவில் வளரும் தமிழ்க் குடும்பத்துப் பெண். நடித்தவர் கனடாவின் மிசிசாகாவைச் சேர்ந்த, ஈழத் தமிழ்ப் பெற்றோரின் மகள் மைத்ரேயி ராமகிருஷ்ணன். தேவியின் அப்பா மோகன், அவள் பள்ளி இசை நிகழ்ச்சியின்போது மாரடைப்பால் இறந்தவர் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். கதை முழுக்க அந்தச் சாவை ஒரு பெண் செரிக்க முடியாமல் தவிப்பதுதான். முதல் பாகத்தின் கடைசி எபிசோடில் சாம்பலைக் கடலில் கரைக்கிறார்கள். இறந்தவரும் அழுகிறவரும் தமிழர், யாருக்கும் சாயமில்லை, யாரும் யாருடைய வெற்றிக்காகவும் சாகவில்லை. மதச் சடங்குகளும் உச்சரிப்பும் சரியில்லை என்று குறை சொன்ன தமிழர்கள் உண்டு. 2022-ல் வந்த 'பிரிட்ஜர்டன்' இரண்டாம் பாகத்தில் தமிழ் வேர் கொண்ட சிமோன் ஆஷ்லி தன் நிறத்திலேயே காதல் நாயகியானபோது, ஒரே குடும்பத்தில் 'அப்பா'வும் 'தீதி'யும் எப்படி என்று கேலி செய்தவர்களும் உண்டு. நிறத்துக்கு இடம் கிடைத்த பிறகு எழுகிற புகார்கள் இவை.

இங்கே ஒரு பார்வையாளர் தன் புகாரைக் கொண்டுபோக இடம் இல்லாமல் இல்லை. ஒளிபரப்பாளர்களே அமைத்துக்கொண்ட பிசிசிசி என்ற குழு 2011 முதல் புகார்களைக் கேட்கிறது. 'கல்யாண வீடு' தொடரில் வந்த பாலியல் வன்முறைக் காட்சிக்காக 2019-ல் சன் டிவிக்கு 2.5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, மன்னிப்பும் கேட்கச் சொன்னது அந்தக் குழுதான். 1994-ன் கேபிள் தொலைக்காட்சி விதிகள், ஓர் இனத்தையோ மொழியினரையோ வட்டாரத்தாரையோ இழிவாகக் காட்டக்கூடாது என்கின்றன. தோல் நிறத்தைப் பற்றி அவற்றில் தனியாக எதுவும் இல்லை.

நிறத்தைப் பற்றி நேராகப் பேசும் விதி இருப்பது விளம்பரத்துக்கு. சென்னையில் கவிதா இம்மானுவேலின் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009-ல் தொடங்கிய 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் சிவப்பழகு க்ரீம் விளம்பரங்களை எதிர்த்துக் குரல் கொடுத்துவந்தது. 2014-ல் இந்திய விளம்பரத் தர மன்றம், கருப்பாக இருப்பவர்களைச் சோகமானவர்களாகவோ கல்யாணத்திலும் வேலையிலும் தோற்பவர்களாகவோ காட்டக்கூடாது என்று வழிகாட்டி வெளியிட்டது. 2020 ஜூலையில் ஃபேர் அண்ட் லவ்லி, க்ளோ அண்ட் லவ்லி ஆயிற்று. எட்டு மணி சீரியலின் இடைவேளையில் வரும் க்ரீம் விளம்பரத்துக்கு அந்த வழிகாட்டி பொருந்தும். இடைவேளை முடிந்து தொடரும் சீரியலுக்குப் பொருந்தாது.